முதல் சம்பளம் வரும் வரை

8,000 ரூபாயை 61 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 131 ரூபாய். 5,000 ரூபாயை 92 நாளுக்கு வகுத்தால் 54. 600 ரூபாயை 30 நாளுக்கு வகுத்தால் 20. என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இந்தக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிச் செருகி வைத்திருக்கிறேன். முதல் வரி மீன்பிடித் தடைக்கால நிவாரணம். இரண்டாவது உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வருவது. மூன்றாவது, பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கிற பிள்ளைக்கு அரசு தரும் மாத உதவித்தொகை. தூத்துக்குடியில் இந்த மூன்றையும் ஒரே வீட்டில் பார்க்கலாம். அப்பா விசைப்படகு, அம்மா உப்பளம், மகன் பி.காம்.

நான் திரேஸ்புரத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். கல்யாணமான புதிதில் இறால் உரிக்கப் போனவள். ஐஸ் தண்ணீரில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துப் பிளந்துபோய், பிறகு கம்ப்யூட்டர் படித்து இந்த நாற்காலிக்கு வந்தேன். வருமானச் சான்று, நல வாரியப் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், வேலைவாய்ப்பு அலுவலகப் புதுப்பிப்பு என்று எல்லாமே இந்த மேசையைத் தாண்டித்தான் போகும். என்ன வேலையாக வந்தாலும் எழுந்து போகும்போது பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"யக்கா, வேலைக்குப் போனா இது நின்னுருமா?"

கேட்பவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிட வேண்டாம். விடிவதற்கு முன்னாலேயே அளத்தில் இறங்கி, கால் புண்ணோடு உப்பு வாரிக் கரையேற்றுகிறவள் கேட்கிறாள். அவளுக்கு வேலை புதிதல்ல. ஒரு பணம் நின்று இன்னொரு பணம் வந்து சேருவதற்கு நடுவே அடுப்பு எப்படி எரியும் என்பதுதான் அவள் கேட்பது. இந்தக் கட்டுரையும் அதைப் பற்றித்தான். உதவிப் பணத்திலிருந்து சம்பளத்துக்கு மாறுகிற அந்தக் கொஞ்ச நாளுக்கு யார் என்ன தருகிறார்கள்?

முதலில் உதவிப் பணங்களைப் பார்த்துவிடலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கக் காலம். தமிழ்நாட்டில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017-இலிருந்து 61 நாள் ஆனது. இந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுத்துவந்தார்கள். 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக்கி முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். இதைத் தவிர, மீன் குறைந்த மாதங்களுக்கென்று 6,000 உண்டு. சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. மீனவர் தவணையாக 1,500 கட்டினால் அரசு தரப்பில் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திரும்பி வரும். மீனவப் பெண்களுக்கும் இதே கணக்கில் தனித் திட்டம் உண்டு. எனக்குப் பிடித்த திட்டம் இதுதான். வாங்குகிறவர் கை நீட்டி நிற்கவில்லை, தானும் போட்ட பணம் என்கிற ஒரு நிமிர்வு அதில் இருக்கிறது.

உப்பளத்துக்கு வருவோம். குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிகமாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். தமிழ்நாட்டில் அதிகம் விளைவது இங்கே. வேப்பலோடை, தருவைகுளம் தொடங்கி முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி வரைக்கும் பாத்திகள்தான். தை, மாசியில் சீசன் தொடங்கும். ஐப்பசி மழை விழுந்தால் பாத்தி கரையும், வேலை போகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதத்துக்கும் சேர்த்து 5,000 ரூபாய் தரும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது. அதுவரை உப்பளத்துக்காரருக்கு மழைக்காலம் என்றால் கடன் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வருஷம் சேமித்து வைத்திருந்த உப்பும் போனது, பாத்தி வரப்பும் போனது. சீசன் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 5,000 ரூபாய் மூன்று மாதத்துக்கே போதாது. அது ஐந்து மாதத்துக்கு இழுபட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, படித்தவர்களுக்கு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தவர்களுக்கு மாதம் ஒரு தொகை. பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கியில் ஏறும், மூன்று வருஷம் வரை வரும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல்: பட்டதாரிக்கு மாதம் 1,000, பத்து வருஷம் வரை. வருஷா வருஷம் 'எங்கும் வேலை பார்க்கவில்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 21 வயதில் பட்டம் வாங்கிப் பதிந்தவனுக்கு 26 வயதில் மாதம் 600. மூன்று வருஷமும் முழுசாக வாங்கினால் 21,600 ரூபாய். இதை வாங்கினால் பதிவு மூப்பு போய்விடும் என்று ஒரு வதந்தி ஊருக்குள் சுற்றுகிறது. போகாது.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது. மூன்றும் 'வேலை இல்லை' என்கிற நிலைமைக்குத் தரப்படும் பணம். கடலுக்குப் போகவில்லை, அளத்தில் வேலையில்லை, வேலை கிடைக்கவில்லை. வேலை கிடைத்த அன்றைக்கு அரசின் கணக்கில் உங்கள் பிரச்சினை தீர்ந்தது. வீட்டுக் கணக்கில் அன்றைக்குத்தான் தொடங்குகிறது.

2025 ஆகஸ்ட் 4, பனிமய மாதா திருநாளுக்கு முந்தின நாள், சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலையை முதலமைச்சர் திறந்துவைத்தார். வியட்நாம் கம்பெனி, 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது. திறப்புக்குப் பல மாதம் முன்பிருந்தே என் மையத்தில் பிள்ளைகளின் கூட்டம். அந்த ஆலைக்கென்று மட்டும் இல்லை. ஒன்று வந்தால் அதைச் சுற்றி நான்கு வரும் என்கிற நம்பிக்கையில் சிப்காட் பக்கம் எங்கே ஆள் எடுத்தாலும் விண்ணப்பித்தார்கள். ஐ.டி.ஐ. படித்த பையன்கள், டிப்ளமோ முடித்த பெண்கள், அப்பாவோடு வலை இழுத்தவன், அம்மாவோடு உப்பு வாரியவள்.

அதில் ஒருத்தியின் கணக்கை மட்டும் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அம்மாவும் மகளும் ஒரே அளத்தில் வேலை. சனிக்கிழமை இரண்டு கூலி வீட்டுக்கு வரும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு கம்பெனியில் 15,000 சம்பளம் என்று எடுத்தார்கள். 2025 ஜூன் 23, திங்கட்கிழமை, வேலையில் சேர்ந்தாள். ஜூன் மாதச் சம்பளக் கணக்கை 20-ஆம் தேதியோடு மூடியிருந்தார்கள். அதனால் மீதி எட்டு நாள் ஜூலையோடு சேரும், ஜூலைச் சம்பளம் ஆகஸ்ட் 7 அன்று வரும் என்றார்கள். இதில் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பல இடங்களில் நடைமுறை இதுதான். ஆனால் ஜூன் 28-இலிருந்து ஆகஸ்ட் 2 வரை எண்ணிப் பாருங்கள், ஆறு சனிக்கிழமை. ஆறு சனிக்கிழமையும் அந்த வீட்டுக்கு ஒரு கூலிதான் வந்தது. குழுக் கடனுக்கு வாரக் கட்டு வாங்க வருகிறவர், மகள் மாதச் சம்பளத்துக்கு மாறிவிட்டாள் என்று பொறுப்பாரா? செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் வாசலில் நிற்பார்.

செலவோ கூடியது. மருத்துவப் பரிசோதனை, போட்டோ, நகல், காவல் துறைச் சான்று எல்லாம் சேருவதற்கு முன்பே. பிறகு மூடிய ஷூ ஒரு ஜோடி, காலுறை. அளத்துக்கு வெறுங்காலோடு போனவளுக்கு முதல் வாரம் குதிகால் உரிந்தது. ஷிப்டு காலை ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் மூன்றாவது மைல் நிறுத்தத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்துக்கு இலவச டவுன் பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோதான். செல்போனுக்கு ரீசார்ஜ், ஏனென்றால் ஷிப்டு மாறினால் வாட்ஸ்அப்பில்தான் சொல்வார்கள். நல்லதாக இரண்டு சுடிதார் வேண்டும் என்றாள். அதை ஆடம்பரம் என்று நான் எழுத மாட்டேன்.

நடுவில் திருவிழா வேறு. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. சம்பளம் 7-ஆம் தேதி. தூத்துக்குடிக்காரனைக் கேட்டால் தெரியும், மாதா திருவிழாவைக் கையில் காசில்லாமல் கடப்பது என்ன கஷ்டம் என்று.

ஆறு சனிக்கிழமையை ஓட்ட அம்மா தண்டலுக்குப் போனாள். 10,000 என்று பெயர். பிடித்தம் போகக் கையில் கொடுப்பது 8,500. நாளுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். மாதச் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக 15,000 என்பது 13,087 ஆகத்தான் வரும் என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 12 சதவீதம் பி.எஃப்.-க்கு 1,800, முக்கால் சதவீதம் இ.எஸ்.ஐ.-க்கு 113. அது எங்கேயும் போகவில்லை, முதலாளியும் பங்கு போடுகிறார், இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அம்மாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்று நான் விளக்கிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். "சரிம்மா, நல்லதுதான். தண்டக்காரன் அட்டைய வாங்கிக்கிடுவானா?" என்றாள்.

இந்தக் கடற்கரைக்கு முன்பணம் புதிதல்ல. முத்துக்குளித்துறை என்று இதற்குப் பெயர் இருந்தாலும் முத்துக்குளிப்பு வருஷா வருஷம் நடந்த தொழில் இல்லை. சிப்பி முற்றியிருக்கிறதா என்று கடலடிப் பாரைப் பார்த்து அரசு அறிவித்தால்தான் சிலாபம், அதாவது முத்துக்குளிப்பு. பல வருஷங்கள் வெறுமையாகப் போகும். கடைசியாக நடந்தது 1961-இல். பிரிட்டிஷ் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. அதுவும் காசாகக் கிடைக்காது, சிப்பியாகக் கிடைக்கும். விற்றால்தான் காசு. அதுவரைக்கும் குளிப்பவருக்கும் கரையில் காத்திருக்கும் அவர் வீட்டுக்கும் யார் சோறு போட்டது? சம்மாட்டி, அதாவது படகு உடையவர். என் தாத்தா சங்குக்கு முங்கினவர். அவர் கதையிலெல்லாம் கடல் கொஞ்சமாகவும் சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் நிறையவும் இருக்கும். முன்பணம் வாங்கினவர் வேறு படகில் ஏற முடியாது. வேலைக்கும் கூலிக்கும் நடுவிலுள்ள நாட்களுக்கு யார் பணம் தருகிறாரோ அவர்தான் நம்முடைய உழைப்புக்கு விலை வைப்பார். இன்றைக்கும் விசைப்படகில் ஆள் மாறுவதற்கு முன் பாக்கி தீர்ந்ததா என்பதுதான் முதல் பேச்சு. அளத்திலும் மழைக்காலத்துக்கு வாங்கிய பணத்துக்காக அடுத்த சீசனை அதே அளத்துக்கு எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. பையன் வேறு வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் தயங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். சோம்பேறி என்று சொல்கிறவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை.

சரி, 'நின்னுருமா' என்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், தனியார் வேலைக்குப் போவதால் மட்டும் நிற்காது. 2023 செப்டம்பர் 15 அன்று திட்டம் தொடங்கியபோதே வைத்த வரம்பு, குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டரை லட்சம். மேலே சொன்ன பெண்ணின் சம்பளம் மட்டும் 1,80,000. அம்மா வருமானத்தையும் சேர்த்தால் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். அந்த பயத்தில்தான் சில வீடுகளில் பெண்ணை பி.எஃப். பிடிக்காத இடமாகப் பார்த்து அனுப்புகிறார்கள். 1,000 ரூபாயைக் காப்பாற்ற 1,800 ரூபாய் முதலாளி பங்கை விடுகிறார்கள். சொல்லிப் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள். தடைக்கால நிவாரணம் வேறு மாதிரி. அது முழுநேரம் கடல் தொழிலில் இருக்கும் குடும்பத்துக்குத்தான். அப்பா தொழிலை விட்டால் நிற்கும். மகள் கம்பெனிக்குப் போவதும் அப்பா கடலுக்குப் போவதும் வேறு வேறு. வேலையில்லாதோர் உதவித்தொகை சம்பள வேலையில் சேர்ந்தால் நிற்க வேண்டியதுதான், அதுதான் அதன் விதி. 600 ரூபாயை விட 15,000 பெரிது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 600 இந்த மாதம் வரும், 15,000 அடுத்ததற்கு அடுத்த மாதம்.

மத்திய அரசு இப்போது முதல் வேலைக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை முதன்முதலாக பி.எஃப். கணக்கில் சேருகிறவருக்கு ஒரு மாதச் சம்பளம் அளவுக்கு, அதிகபட்சம் 15,000 ரூபாய், இரண்டு தவணையில். மொத்த ஒதுக்கீடு 99,446 கோடி. வேலை கொடுக்கும் நிறுவனத்துக்கும் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை உண்டு. மேலே சொன்ன பெண் ஜூனில் சேர்ந்ததால் இதற்குள் வரவில்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகள் வந்தார்கள்.

இந்தப் பணத்துக்கு யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண் வேண்டும். அதை இப்போது உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் எடுக்க முடியும். என் மையத்தில் பின்பக்கச் சுவர் வெள்ளையாக இருப்பதால் அங்கே நிற்கவைத்து எடுக்கிறோம். "கண்ணச் சிமிட்டு தம்பி, தலைய ஆட்டாத." ஒருவனுக்கு வெயிலில் கறுத்த முகமும் ஆதாரில் இருக்கும் எட்டாம் வகுப்பு முகமும் ஒத்துப்போகாமல், வெளிச்சத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். கடைசியில் திரையில் பச்சை வட்டம் வந்தது. வந்ததும் ஒரு பழைய எண் எழும்பியது. இரண்டு வருஷம் முன்பு ஒரு மீன் கம்பெனியில் காண்டிராக்டர் மூலம் சில வாரம் மூட்டை தூக்கியிருக்கிறான். அப்போதே அவன் பெயரில் பி.எஃப். கணக்கு திறந்திருக்கிறார்கள். அவனுக்கே தெரியாது. 'முதன்முதலாகச் சேருகிறவர்' என்கிற தகுதி அந்தச் சில வாரத்திலேயே போய்விட்டது. அந்தப் பழைய கணக்கில் சொற்பம்தான் இருந்தது. அதைப் புதுக் கணக்குக்கு மாற்ற விண்ணப்பித்தோம். 15,000 கிடையாது என்பதை அவனிடம் சொல்ல எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அவன், "சரி விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஆதார் போட்டோவை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டான்.

தகுதி உள்ளவர்களுக்கும் இந்தப் பணம் எப்போது வரும் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் தவணை ஆறு மாதம் வேலையில் இருந்த பிறகு. இரண்டாவது தவணை பன்னிரண்டு மாதம் முடிந்து, நிதி அறிவுப் பாடம் ஒன்றையும் முடித்த பிறகு. ஒரு பகுதி சேமிப்பில் போட்டு வைக்கப்படும். வேலையில் நிலைத்து நின்றவருக்குப் பரிசு என்று இதைச் சொல்லலாம், பரிசு நல்லதுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் வேலையை விடுவது ஏழாவது மாதத்தில் இல்லை. மூன்றாவது வாரத்தில் விடுகிறார்கள். ஷேர் ஆட்டோவுக்குக் காசில்லாமல் இரண்டு நாள் லீவு, பிறகு சூப்பர்வைசரைப் பார்க்க வெட்கம், பிறகு மறுபடி அளம். அந்த மூன்றாவது வாரத்தில் 1,500 ரூபாய் செய்கிற வேலையை ஏழாவது மாதத்தில் 7,500 செய்யாது.

இது தெரிந்தவர்கள் அரசுக்குள்ளும் இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாயா திறன் பயிற்சித் திட்டத்தின் விதிமுறையில் ஓர் இடம். பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்தவருக்கு, சம்பளத்துக்கு மேல், மாதம் 1,000 ரூபாய். சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று மாதம், வெளி மாநிலம் என்றால் ஆறு மாதம். தொகை சின்னது, ஆனால் எழுதினவருக்கு ஆறு சனிக்கிழமை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. தருவைகுளம் ஊராட்சி, அங்கேயுள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். திரேஸ்புரம் மாநகராட்சி, பொருந்தாது. நடுவில் இருப்பது டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான்.

வெளிநாடுகளில் இந்த இடைவெளியை வெளிப்படையாகவே பேசுகிறார்கள். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி அயர்லாந்தில் நர்ஸ். அங்கே உதவித்தொகையில் இருந்த குடும்பம் வேலைக்குப் போனால் பிள்ளைகளுக்கான தொகையை முதல் வருஷம் முழுதாகவும் இரண்டாம் வருஷம் பாதியாகவும் தொடர்ந்து தருவார்கள் என்று அவள் சொல்லித்தான் தெரியும். பிரிட்டனில் வீட்டு வாடகைக்கு உதவி வாங்கிக்கொண்டிருந்த சிலருக்கு, வேலையில் சேர்ந்த பிறகும் நான்கு வாரம் அது நீடிக்கும். நான்கு வாரம் என்பது முதல் சம்பளத்துக்கான கணக்கு, வேறொன்றுமில்லை. பிரேசிலில் போல்சா ஃபமீலியா வாங்கும் குடும்பத்தின் வருமானம் வரம்பைத் தாண்டினால், ஓர் அளவு வரைக்கும் பாதித் தொகையை இரண்டு வருஷம் கொடுத்தார்கள். 2025-இல் அதை ஒரு வருஷமாகச் சுருக்கிவிட்டார்கள். பணக்கார நாடு, ஏழை நாடு என்று இதில் இல்லை. வரம்பைத் தாண்டிய மறுநாளே கதவைச் சாத்தினால் வரம்புக்குக் கீழேயே இருந்துகொள்வார்கள் என்பது எல்லா அரசுக்கும் தெரிந்த விஷயம்.

நம் ஊரில் இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கிற ஒன்று உண்டென்றால் அது பெண்களுக்கான இலவச பஸ். 2021 மே மாதம் வந்தது. விண்ணப்பம் இல்லை, வருமானச் சான்று இல்லை, வேலைக்குச் சேர்ந்தாலும் நிற்காது, சேராவிட்டாலும் நிற்காது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. முதல் சம்பளத்துக்கு முந்தைய மாதத்திலும் அந்த மிச்சம் அவள் கையில் இருக்கிறது, அதுதான் அதன் அருமை. இதனால் எனக்கு இரண்டு விண்ணப்பக் காசு குறைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிக்கொள்வேன். ஒரே குறை, காலை ஐந்தே காலுக்கு ஒரு பஸ் விட்டால் ஆறு மணி ஷிப்டுக்காரிகளுக்கு ஷேர் ஆட்டோ செலவு இருக்காது. பையன்களுக்கு அதுவும் இல்லை.

எங்கள் மகளிர் குழுவில் நாங்கள் ஒரு சின்ன ஏற்பாடு செய்து பார்க்கிறோம். குழுவில் உள்ளவர்களின் பிள்ளை யாராவது மாதச் சம்பள வேலையில் சேர்ந்தால், வேலை உத்தரவைக் காட்டி 5,000 ரூபாய் வரை வாங்கலாம். மொத்தமாகத் தர மாட்டோம். சனிக்கிழமைக்கு 800 வீதம் தருவோம், அந்த வீட்டில் கூலி வந்துகொண்டிருந்த நாள் அதுதானே. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. முதல் சம்பளத்தில் ஒரு பைசா கேட்க மாட்டோம், இரண்டாவது சம்பளத்திலிருந்து 1,000 வீதம் கட்ட வேண்டும். முதல் சம்பளத்தில் ஏன் கேட்பதில்லை என்று வங்கியிலிருந்து வந்த அம்மா ஆச்சரியப்பட்டார். முதல் சம்பளத்தில் பழைய பாக்கி எல்லாம் வாசலில் நிற்கும், நாங்களும் போய் நின்றால் தண்டக்காரனுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் தலைவி பதில் சொன்னாள்.

கொடுப்பதற்கு முன் நான் சில விஷயங்களைக் கேட்டுத் தாளில் எழுதச் சொல்கிறேன். சம்பளக் கணக்கு எந்தத் தேதியில் மூடுகிறது, பணம் எந்தத் தேதி ஏறும், பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, கம்பெனி பஸ் எங்கே நிற்கும், சாப்பாடு உண்டா, ஷூ அவர்கள் தருவார்களா. வேலையில் சேருகிற அன்று இதைக் கேட்கப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று நினைக்கிறார்கள். கேட்ட யாருக்கும் இதுவரை போகவில்லை. பழைய பி.எஃப். எண் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுகிறோம்.

வாங்கியவர்கள் பெரும்பாலும் கட்டிவிட்டார்கள். ஒருவன் மட்டும் நாலாவது வாரத்தில் வேலையை விட்டான். ராத்திரி ஷிப்டு ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது மறுபடி விசைப்படகுக்குப் போகிறான். அவன் வாங்கியது 2,400. இதைக் கடனாக வைப்பதா, தள்ளுபடி செய்வதா என்று கூட்டத்தில் பெரிய சண்டை. தள்ளினால் நாளைக்கு எல்லோரும் விடுவார்கள் என்று பாதிப் பேர். வேலைக்குப் போய்ப் பார்த்ததற்கே அபராதமா என்று மீதிப் பேர். அவன் அம்மா எழுந்து, "நான் கட்டுதேன், ஆனா மாசம் நூறுதான் கட்டுவேன்" என்றாள். வட்டி வேண்டாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அவள் கடைக்குட்டி ஐ.டி.ஐ. கடைசி வருஷம் படிக்கிறான். வேலை உத்தரவு வந்தால் அவனுக்கும் கொடுப்பீர்களா என்று அதே கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.